தேயிலைப் பூக் கிண்ணம்

அந்தக் கிண்ணத்தைச் செய்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போக எனக்கே சந்தேகம் வந்துவிடும். ஒரு வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால், நம் கை செய்ததை நாமே மறந்துபோவோம். எனக்கு அப்படி ஆகியிருக்கிறது.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் வண்டிப்பெரியாருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். அப்பா தொழிற்சாலையில் தேயிலை உலர்த்தும் மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர். நான் பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றுவிட்டு வீட்டில் இருந்தேன். வீட்டில் இருக்கிற பெண்ணைச் சும்மா இருக்க விட்டால் ஊர் பேசும் என்று பஜாரில் ஒரு மாடியில் நடந்த தையல் வகுப்புக்கு அனுப்பினார்கள். எனக்குத் தையலில் மனம் ஒட்டவே இல்லை. வகுப்புக்குக் கீழே ஒரு பேக்கரி இருந்தது. கிறிஸ்துமஸ் நெருங்கினால் அங்கே ஒருவர் காகிதக் கூம்பில் கிரீமை அடைத்து, கேக்கின் மேல் ரோஜாப்பூ பிழிந்துகொண்டிருப்பார். ஒரு அழுத்து, ஒரு சுழற்று, வெடுக்கென்று மேலே தூக்கினால் இதழ் எழுந்து நிற்கும். நூல்கண்டு வாங்குகிற சாக்கில் நான் அங்கே நின்று பார்ப்பேன். இவ்வளவு அழகாகச் செய்ததை வெட்டித் தின்றுவிடுவார்களே என்று ஆத்திரமாக வரும். தின்ன முடியாத ஏதாவது ஒன்றின் மேல் இதைச் செய்து பார்க்கலாமே என்று தோன்றியது அப்போதுதான்.

பஜாரில் ஒரு வெறும் வெள்ளைப் பீங்கான் கிண்ணம் வாங்கினேன். லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்ததால் மலிவாகக் கிடைத்தது. கிரீமுக்குப் பதிலாக, பெயிண்டர்கள் மரத்தில் ஓட்டை அடைக்க வைத்திருக்கும் மக்கு. சாக்பீஸ் செய்கிற வெள்ளைச் சாக்குப் பொடியை வார்னிஷ் விட்டுப் பிசைந்தால் மக்கு தயார். முதலில் வைத்த பூக்கள் காய்ந்ததும் பொருக்கு மாதிரி உதிர்ந்துவிட்டன. பீங்கானின் வழவழப்பில் எதுவும் பிடிக்காது. கிண்ணத்தின் மேல் வெள்ளை எனாமலை மெல்லிசாகத் தடவி, அது காய்ந்தும் காயாமலும் விரலில் ஒட்டுகிற பதத்தில் இருக்கும்போது பூவை வைத்தால் நிற்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் உள்பாவாடையே காயாது, மக்கு எங்கே காயப்போகிறது?

"ஃபாக்டரியில கொழுந்து வாட்டுற மாடி சூடா இருக்கும்ல, அங்க வச்சு எடுத்துட்டு வாங்கப்பா" என்று கெஞ்சினேன்.

"தேயிலை பக்கத்துல இருக்கிற எந்த வாடையையும் குடிச்சிரும்டி" என்றார் அப்பா. "வார்னிஷ் வாடையோட டீ வெளிய போச்சுன்னா, எம் பொழப்பும் அது கூடவே போயிரும்."

கடைசியில் அடுப்புக்கு மேலே இருந்த பலகையில் வைத்துத்தான் காயவைத்தேன். புகை பட்டு இதழ்கள் கொஞ்சம் பழுத்த வெள்ளையாயின. அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

நான் வைத்தது தேயிலைப் பூ. அதைப் பார்த்தவர்கள் குறைவு. தோட்டத்தில் தேயிலை பூக்கக் கூடாது. பூத்தால் செடியை ஒழுங்காகக் கவனிக்கவில்லை என்று கங்காணிக்குத் திட்டு விழும். ஓடை ஓரத்தில் கைவிட்ட செடிகளில் மட்டும் பூக்கும். வெள்ளை இதழ், நடுவே மஞ்சள் கொத்து. யாரும் பறிக்காத, யாரும் தலையில் வைக்காத பூ. எனக்கு என்னவோ அதன் மேல் ஒரு பரிதாபம். கிண்ணத்தின் வெளிப்பக்கம் சுற்றிலும் அதைக் கொடியாக ஓடவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு தடவினால்கூட இது இதழ், இது மொட்டு, இது காம்பு என்று தெரியும்.

எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள் தவறாமல் கேட்பது, "பொண்ணுக்குக் கைவேலை என்ன தெரியும்?" எல்லா வீட்டிலும் அதே ஒயர் கூடைதான், அதே குரோஷா விரிப்புதான் எடுத்துக் காட்டுவார்கள். அன்றைக்கு எல்லாமே இரவல். நாற்காலி ஒரு வீட்டிலிருந்து வரும், எவர்சில்வர் தம்ளர் ஒரு வீட்டிலிருந்து வரும், நெக்லஸ் இன்னொரு வீட்டிலிருந்து வரும். யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை. இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று போய்க்கொண்டிருந்தது. அப்படித்தான் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சித்தி தன் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று என் கிண்ணத்தைக் கேட்டு வாங்கிப் போனார். அதில் மிக்சர் வைத்து நீட்டியிருக்கிறார்கள். வந்தவர்கள் மிக்சரை விட்டுவிட்டுக் கிண்ணத்தையே பார்த்திருக்கிறார்கள். கல்யாணம் அன்றைக்கே முடிவாயிற்று. அவ்வளவுதான், கிண்ணத்துக்கு ராசி என்று பேராகிவிட்டது. அடுத்த லயத்து வீடுகள், அடுத்த டிவிஷன், அடுத்த எஸ்டேட் என்று கிண்ணம் கல்யாணம் பேசப் போய்க்கொண்டே இருந்தது. வீட்டில் நான் அதைப் பார்ப்பதே அபூர்வம்.

"யாரு செஞ்சதுன்னு சொன்னீக?" என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்களைக் கேட்பேன்.

"நம்ம பொண்ணு செஞ்சதுன்னுதான் சொன்னோம். நீயும் நம்ம பொண்ணுதானே?" என்பார்கள். இதற்கு நான் கோபப்படுவதா, சந்தோஷப்படுவதா? இரண்டும் வந்தது.

ஒருநாள் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒரு அம்மா மழையில் நடந்தே வந்தார். கொழுந்து லாரி கவிழ்ந்து கணவரை இழந்தவர். அவர் மகளை எனக்குத் தையல் வகுப்பில் பார்த்த பழக்கம் உண்டு. என்னைவிட மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எத்தனையோ வரன் வந்து அவளுக்குத் தட்டிப்போயிருந்தது. "இதுவும் போச்சுன்னா நான் ஓடையில விழுந்துருவேன் தாயி" என்று அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கிண்ணத்தை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு போனார். கொஞ்ச நாளில் வெல்லமும் தேங்காயும் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தார். முடிந்துவிட்டதாம். பாலக்காட்டுக்குக் கிழக்கே, வேலந்தாவளம் பக்கமாம். எங்கள் ஜனம் கொஞ்சம் பேர் கம்பத்துப் பக்கமிருந்து இரண்டு தலைமுறைக்கு முன்னால் அங்கே போய்க் காடுகரை வாங்கி, பேச்சே மாறிப்போய் இருந்தார்கள்.

அந்தச் சம்பந்தத்தை முடித்த தரகர் வேலந்தாவளம் சந்தையில் மாட்டுத் தரகும் பார்க்கிறவர். மாட்டுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே வாய். அடுத்த மாதமே எங்கள் வீட்டுக்கும் வந்தார். "அதே பக்கந்தானுங்க, நல்ல குடும்பமுங்க" என்றார். பக்கம் என்றாரே தவிர, அதே வீடு என்று சொல்லவில்லை. அங்கே மூத்தவனுக்குப் பேசி முடித்த கையோடு இளையவனுக்கும் பெண் தேடுகிறார்கள் என்பதை விழுங்கிவிட்டார். மாட்டின் பல்லைக்கூட அவர் முழுசாகக் காட்டியிருக்கமாட்டார்.

வந்தார்கள். மாப்பிள்ளை பெல்பாட்டம் போட்டுக்கொண்டு, வியர்த்துக்கொண்டு, தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பிடித்துவிட்டது. சொல்வதற்கென்ன? அவர் அம்மாதான் பேசினார். பெரிய கண், உரத்த குரல், கையில் தடித்த வளையல். என் அம்மா பழக்க தோஷத்தில் அந்தக் கிண்ணத்தில் மிக்சர் வைத்து நீட்டினார்.

அந்த அம்மா கிண்ணத்தை வாங்கித் திருப்பினார். பூவை விரலால் தடவினார்.

"ஏனுங், இது கொய்யாப் பூவுங்களா?"

"தேயிலைப் பூங்க. எம் மக கையால செஞ்சது" என்றார் அம்மா.

"இந்தக் கிண்ணத்த நா பாத்திருக்கறனுங்களே."

அம்மாவுக்கு அப்போதும் புரியவில்லை. சிரித்துக்கொண்டே நின்றார்.

"என்ற மூத்த பையனுக்குப் போன மாசம் பேசி முடிச்சமுங்க. ஆத்துக்கு அக்கட்டால எஸ்டேட்டு. அந்த ஊட்லயும் இதே கிண்ணந்தானுங்க வச்சாங்க. எம் புள்ள செஞ்சதுன்னு அவங்கம்மாளும் இப்படித்தான் சொன்னாங்க."

அப்பா தரகரைப் பார்த்தார். தரகர் கூரையைப் பார்த்தார்.

"ரண்டு ஊட்ல ஏதோ ஒரு ஊடு பொய் சொல்லுது" என்றார் அந்த அம்மா. அவர் கோபமாகச் சொல்லவில்லை. நிதானமாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது. "பொய் சொல்ற ஊட்ல நா பொண்ணு எடுக்க மாட்டனுங்க. மூத்தவனுக்குப் பேசினதா இருந்தாலுஞ் செரி, முறிச்சுப் போடுவேன். பெரியவங்க ஆரும் பேச வேண்டாம். நீ சொல்லு அம்முணி, இத ஆரு செஞ்சது?"

அந்தக் கேள்வி கேட்கப்பட்டபோது என் மனதில் என்ன ஓடியது என்று பிற்பாடு நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஒருமுறை யோசித்தது போல் மறுமுறை வருவதில்லை. மழையில் நனைந்து வந்த அந்த அம்மாவின் கை நினைவுக்கு வந்தது என்று சொல்லலாம். நான் செய்தேன் என்று சொன்னால் நம்பமாட்டார்கள் என்ற பயம் என்றும் சொல்லலாம். எல்லோரும் என்னையே பார்த்தது பிடிக்காமல், சீக்கிரம் எதையாவது சொல்லி உள்ளே ஓடிவிட வேண்டும் என்றுதான் இருந்ததோ என்னவோ. எது நிஜம் என்று எனக்குத் தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"அந்த அக்காதான் செஞ்சாக. நாங்க இரவல் வாங்கிட்டு வந்தோம்" என்றேன்.

அம்மா என் இடுப்பில் கிள்ளியது இன்னும் வலிக்கிறது. எல்லாம் முடிந்தது, பெல்பாட்டம் இப்போது எழுந்து போய்விடும் என்று நின்றேன். அந்த அம்மா கண்ணை அகலமாக்கி என்னைப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார்.

"பெத்தவளக் காட்டிக் குடுத்தாலுஞ் செரின்னு சபையில நின்னு உண்மையச் சொல்ற புள்ள ஆரு இருக்கறா? கைவேலை கெடக்குது கழுத. எனக்கு இவதான் வேணும்" என்று தன் தலையிலிருந்த பூவை எடுத்து என் தலையில் வைத்துவிட்டார்.

அவர்கள் போனபின் அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "பொய் சொல்லி அடி வாங்குனவளப் பாத்திருக்கேன். பொய் சொல்லிப் பூ வாங்குனவள இப்பத்தாண்டி பாக்குறேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. என்னைப் பிடித்துப்போனதா, என் பொய்யைப் பிடித்துப்போனதா என்று கேட்க ஆள் இல்லை.

பொய் சொன்னால் போதாது, அதற்குச் சோறும் போட வேண்டும். கிண்ணம் அந்த அக்கா செய்தது என்று ஆகிவிட்டபின் அது எங்கள் வீட்டில் இருக்கலாமா? அம்மா அதைத் துணியில் சுற்றி அவர்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். தையில் அக்காவுக்குக் கல்யாணம். சீர் வரிசையில் என் கிண்ணமும் மலையிறங்கிப் போயிற்று. வைகாசியில் எனக்குக் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வலது கால் வைத்து நுழைந்தபோது, கூடத்துக் கண்ணாடி அலமாரியில் எனக்கு முன்னால் அது வந்து உட்கார்ந்திருந்தது. அக்கா ஆரத்தித் தட்டோடு நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சுற்றினாள்.

வடகரப்பதிக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில், கடலைக் காட்டுக்குள் வீடு. மலையிலிருந்து போனவளுக்கு அந்த வெளிச்சமே தலைவலி. ஆடி மாதத்தில் கணவாய்க் காற்று வீசினால் சோற்றில் மண், தண்ணீரில் மண். பேச்சும் புரிய நாளாயிற்று. ஆனால் ஒன்று மட்டும் முதல் வாரத்திலேயே தெளிவாகப் புரிந்தது. அந்த வீட்டில் இரண்டு மருமகள்களுக்கும் ஆளுக்கொரு பேர் வைத்தாகிவிட்டது. ஒரம்பரை யார் வந்தாலும், அதாவது விருந்தாளி யார் வந்தாலும், அத்தை எங்களை அறிமுகப்படுத்துகிற விதமே தனி. "பெரியவ கையில கலை இருக்குதுங்க. சின்னவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, ஆனா பொய்யே வராது." வந்தவர்கள் அலமாரியைப் பார்ப்பார்கள், அப்புறம் அக்காவைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். நான் காப்பித் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு போவேன்.

அத்தை அக்காவிடம் இன்னொரு கிண்ணம் கேட்டுக்கொண்டே இருந்தார். அவளும் சமாளித்தாள். "அந்த மலைமேல கெடைக்கிற சாக்குப் பொடி இங்க கெடைக்காதுங்கத்தை" என்றாள். "இந்த வெயிலுக்கு நிக்காதுங்கத்தை" என்றாள். அத்தை விடுகிற ஆளா? கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறிப் போய், வெள்ளைக் கிண்ணம், பெயிண்ட், வார்னிஷ், பொடி எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து அக்காவின் மடியில் வைத்தார். தன் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வேண்டுமாம்.

அன்று மத்தியானம் அத்தை காட்டுக்குப் போனதும், பருத்தி போட்டு வைக்கும் அறையில் நான் பெருக்கிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து கதவைச் சாத்தினாள்.

"எனக்கு ஒரு எழவும் தெரியாதுடி" என்றாள். அழவில்லை, கோபமாகச் சொன்னாள். "நீ அன்னைக்கு நெசத்தச் சொல்லித் தொலைச்சிருந்தா, நான் எங்கம்மா கூடவே கொழுந்து கிள்ளிட்டுக் கெடந்திருப்பேன். எதுக்குடி அப்படிச் சொன்ன?"

"தெரியலக்கா" என்றேன்.

கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். என் விரல்கள் என்னைக் கேட்கவே இல்லை. சாக்குப் பொடியைப் பார்த்ததும் பிசையத் தொடங்கிவிட்டன. பல மாதங்களாக எதுவும் செய்யாமல் இருந்த கைகள். அப்போது எனக்கு உண்டான சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மலையில் காயாததுதான் தொல்லை. இங்கே காய்வதுதான் தொல்லை. இதழ் வைத்து அடுத்த இதழுக்குப் போவதற்குள் முதல் இதழில் வெடிப்பு விழுந்துவிடும். ஆளிவிதை எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டிப் பதம் கண்டுபிடித்தேன். காற்று கொண்டுவரும் மண் ஒட்டாமல் இருக்க ஒரு கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் ஈரத்துணி போட்டேன். நான் பூ வைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அக்கா என் பங்கு வேலையையும் சேர்த்துச் செய்தாள். சாணி அள்ளினாள், மாவாட்டினாள், கடலை உடைத்தாள். வேலை முடிந்ததும் உள்ளே வந்து, என்னிடமிருந்து டர்பன்டைன் வாங்கித் தன் கைகளில் நன்றாகத் தேய்த்துக்கொண்டு வெளியே போவாள். நான் சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வேறு வழியாக வருவேன். அத்தைக்கு மூக்கு கூர்மை. அக்கா பக்கத்தில் வந்தாலே, "காலையிலிருந்து அதுலயே உக்காந்திருக்கறயா கண்ணு? ஒரு வா காப்பி குடி" என்பார்.

எனக்குக் கிடைத்தது வேறு. "அவ கைவேலையும் செய்யறா, ஊட்டு வேலையும் செய்யறா. நீ எங்கடி போயி ஒளிஞ்சுக்கற? ஒரு வேலைக்குக் கூப்புட்டா ஆளையே காணோம்."

நான் என்ன சொல்வது? பொய் பேசாத மருமகள் ஆயிற்றே.

அத்தையின் தங்கை வீட்டுக்குப் போன கிண்ணத்தைப் பார்த்து நாத்தனார் கேட்டார். நாத்தனார் வீட்டில் பார்த்துவிட்டுக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு சம்பந்தி கேட்டார். ஒருவருக்கு மல்லி வேண்டும், ஒருவருக்குத் தாமரை, ஒருவருக்குப் பருத்திப் பூ. எல்லாம் அக்காவின் பேரில் போயிற்று. அக்கா கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், ஒரேயடியாக வெறுத்துவிடலாம். அவளோ எனக்குத் தலைவலி என்றால் கஷாயம் வைப்பாள். தன் தலைக்குக் கட்டிய பூவில் பாதியைக் கிள்ளி எனக்கு வைப்பாள். யாராவது புகழ்ந்தால் முகம் சுருங்கி உள்ளே போய்விடுவாள். "எத்தன அடக்கம் பாருங்க" என்று அதற்கும் ஒரு பேர். எனக்கு அவள் மேல் பாசமா, எரிச்சலா? காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

ஒருநாள் கொழிஞ்சாம்பாறைக்குச் சினிமா பார்க்கப் போகும் வழியில், சைக்கிளின் பின்னால் உட்கார்ந்தபடி என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் தெரியாமல் முதுகு மட்டும் தெரிந்ததால் தைரியம் வந்தது. முதல் கிண்ணத்திலிருந்து கடைசிக் கிண்ணம் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பெடலை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"பொறாமையா?" என்றார்.

"சத்தியமாங்க."

"அண்ணிய எல்லாரும் மெச்சுனா உனக்கு வருத்தமாத்தான் இருக்கும். அதுக்காக இப்படியா? உனக்குப் பொய் சொல்லவே வரமாட்டேங்குது, கொரலே காட்டிக் குடுத்துருது பாரு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அன்று என்ன படம் ஓடியது என்று எனக்கு நினைவில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் துணிந்து சொன்ன உண்மையை, என் முதல் பொய் என்று ஒருவர் கேட்டுக்கொண்டாரே என்று திரும்பத் திரும்ப அதுதான் ஓடியது. வாயால் சொன்னால்தானே நம்பமாட்டார்கள், கண்ணால் பார்த்தால்? என் பேருக்கு ஒரு கிண்ணமாவது இந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று வீறாப்பு வந்தது.

மறுநாள் காலையில் கிண்ணம், பெயிண்ட், மக்கு, கூம்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய் வாசலில், கடலை காயப்போட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்தேன். ஒளியவில்லை, கூடை கவிழ்க்கவில்லை. அத்தை கோழியை விரட்டிக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. தேயிலைப் பூவையே வைத்தேன். ஒரு அழுத்து, ஒரு சுழற்று, வெடுக்கென்று தூக்கு. இதழ் நின்றது. பக்கத்தில் இன்னொன்று. அத்தையின் நிழல் என் கிண்ணத்தின் மேல் விழுந்து கிடந்தது. ஒரு பூ முழுசாகி, அதன் நடுவில் மஞ்சள் பொட்டுகளையும் வைத்து முடிக்கிற வரை அது நகரவே இல்லை.

"அட" என்றார் அத்தை. "அவளாட்டமே வருதே! அவகிட்டக் கத்துக்கிட்டயாக்கும்?"

கூம்பு என் கையில் அப்படியே நின்றது.

"ஏ பெரியவளே, இங்க வா. உன்ற சிஷ்யப் புள்ள எத்தன கெட்டின்னு பாரு."

அக்கா மாட்டுக் கொட்டிலிலிருந்து சாணிக் கையோடு வந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். திறந்த வாசலில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். நான் எதற்காக அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் முகம் வெளுத்தது. என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதே என்று கெஞ்சுவாள் என்று நினைத்தேன். அவள் கெஞ்சவில்லை.

"இல்லீங்கத்தை" என்றாள். "எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாதுங்க. இத்தன நாளும் எல்லாத்தையும் இவதான் செஞ்சா. அலமாரியில இருக்கிற அந்த மொதக் கிண்ணமும் இவ செஞ்சதுதானுங்க. எங்கம்மாதான் இரவல் வாங்கிட்டு வந்து பொய் சொல்லுச்சு."

ஒரே மூச்சில், தெளிவாக, கைகளில் சாணி சொட்டச் சொட்டச் சொன்னாள். நான் கேட்க ஏங்கிய வார்த்தை ஒவ்வொன்றும் அதில் இருந்தது. அவளுடைய கல்யாணம், அவள் அம்மாவின் மானம், அந்த வீட்டில் அவளுடைய இடம், எல்லாவற்றையும் தூக்கி என் முன்னால் போட்டுவிட்டாள். ஐயோ, வேண்டாம் என்று எனக்குக் கத்தத் தோன்றியது.

அத்தை அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருடைய பெரிய கண்கள் மெல்லக் கலங்கின.

"பாத்தயா?" என்றார் என்னிடம். "உனக்கும் ஒரு பேரு கெடைக்கோணும்னு தன்ற பேரையே தூக்கிக் குடுக்கறா. பெத்த தாயவே பொய்க்காரின்னு சொல்றா பாரு, உனக்காக! இந்த மனசு ஆருக்கு வரும்?"

"நெசமாத்தானுங்கத்தை..." என்றாள் அக்கா.

"போதும் கண்ணு, போதும்." அத்தை அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். பிறகு குனிந்து என் கன்னத்தைத் தொட்டார். "நீயும் வெசனப்படாத அம்முணி. உனக்குக் கைவேலை வந்தா என்ன, வராட்டி என்ன? உன்னைய நா அதுக்காகவா எடுத்தேன்? சபையில எல்லாரு முன்னாலயும் உண்மையச் சொன்னயே, அதுக்காக எடுத்தேன். இந்த ஊட்ல அதுக்கு மேல ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, கோழியைத் தேடிக்கொண்டு போனார்.

அக்கா என் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். சாணிக் கையால் கண்ணைத் துடைக்க முடியாமல் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ சொல்லிப் பாக்கட்டுமாடி?" என்றாள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மக்கு இறுகிக்கொண்டிருந்தது.

"வேண்டாம்க்கா" என்றேன். "இனிமே நெசத்தச் சொன்னா ரெண்டு பேருமே பொய்க்காரியாயிருவோம்."

அவள் முழங்கையால் கிண்ணத்தை எனக்குச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். நான் அடுத்த பூவை வைத்தேன்.